கெட் என்றொரு கெட்ட வார்த்தை

எங்கள் பள்ளியின் பழைய மாணவர் மலர்க் குழுவிலிருந்து போன மாதம் கூப்பிட்டு, "கெட்டுகெதருக்கு முன்னால் மலர் அச்சுக்குப் போக வேண்டும், பழைய நினைவாக ஏதாவது எழுதித் தாருங்கள்" என்றார்கள். சரி என்று சொல்லி ஃபோனை வைத்த பிறகுதான் அந்தச் சொல் காதில் உறுத்தியது. கெட்டுகெதர். ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை நோட்டில் இதை எழுதியிருந்தால் அதன்மேல் சிவப்பு வட்டம் விழுந்திருக்கும்.

அந்த வகுப்பில் என்னோடு இருந்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். பெயர் வேண்டாம், போட்டால் அவருக்குப் பிடிக்காது. ஆங்கிலம் எடுத்த சார் என்றால் போதும். நோட்டில் எங்கே கெட், காட் என்று கண்டாலும் சிவப்பு மையில் சுழித்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார். திட்டோ விளக்கமோ கிடையாது, அந்தக் கேள்விக்குறி மட்டும்தான். ஒரு கட்டுரையில் மூன்று வட்டத்துக்கு மேல் போனால் முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். "எட்டு வேலைக்கு எட்டு ஆள் இருக்கும்போது ஒரே ஆளைப் போட்டு ஏன்டா கொல்கிறீர்கள்" என்று கேட்டுவிட்டு, கரும்பலகையில் அந்த எட்டு ஆட்களையும் வரிசையாக நிறுத்துவார்: ரிசீவ், அப்டெய்ன், அக்வயர், எர்ன், ஃபெட்ச், பிகம், அரைவ், அண்டர்ஸ்டாண்ட். பின் பெஞ்சில் நாங்கள் இதற்கு ஒரு பழமொழியே செய்து வைத்திருந்தோம்: கெட் எழுதினவன் கெட்டான்.

ஒருநாள் அந்தப் பின் பெஞ்சிலிருந்து சிரிப்புச் சத்தம். சார் திரும்பிப் பார்க்காமலேயே, "கெட் அவுட்!" என்றார். சிரித்தவன் எழுந்தான், கதவு வரை போனான், அங்கே நின்று திரும்பி மிகவும் பணிவாக, "சார், லீவ் தி ரூம் என்றுதானே சொல்லியிருக்க வேண்டும்?" என்று கேட்டான். வகுப்பு மூச்சுவிடவில்லை. சார் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அப்புறம் சொன்னார்: "அது கெட் இல்லடா. கெட் அவுட். அது வேற சொல். போய் உட்கார்."

மனுஷன் சமாளிக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் சொன்னது சுத்தமான இலக்கணம் என்று எனக்கு உறைக்க இருபது வருஷம் ஆயிற்று. கெட்டோடு அப், ஓவர், பை, ஆன், த்ரூ என்று ஒரு சின்னச் சொல் வந்து ஒட்டியதும் பழைய பொருள் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. கெட் ஓவர் என்றால் சுவர் ஏறிக் குதிப்பதாகவும் இருக்கலாம், காய்ச்சலிலிருந்து தேறுவதாகவும் இருக்கலாம். கெட் ஆன் என்றால் பஸ்ஸில் ஏறுவது, ஒருவரோடு ஒத்துப்போவது, இன்னும் கொஞ்சம் இழுத்தால் வயதாகிக்கொண்டு போவது. கெட் பை என்றால் எப்படியோ சமாளித்து ஓட்டுவது. இரண்டு சொல்லையும் தனித்தனியே பிரித்து அகராதியில் தேடினால் இதில் பாதி அகப்படாது. நமக்கு இதொன்றும் புதுசும் இல்லை. பிள்ளையைப் பார் என்றால் ஒன்று, பிள்ளையைப் பார்த்துக்கொள் என்றால் இன்னொன்று. 'கொள்' அங்கே என்ன வேலை செய்கிறது என்று வெளியாள் ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள், தெரியும்.

அதற்காக அந்த எட்டு ஆட்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவர்களை சார் அறிமுகப்படுத்திய விதமே தனி. ஒருவர் நீட்டுகிறார், நீ கையை நீட்டுகிறாய், அது ரிசீவ். அலைந்து, மனுப்போட்டு, கையெழுத்து வாங்கி எடுத்தால் அப்டெய்ன். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது என்றால், அது சொத்தோ பழக்கமோ, அக்வயர். உழைப்புக்கு வந்தது எர்ன். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, கிடைத்தது, வாங்கினேன், பெற்றேன், ஈட்டினேன், அடைந்தேன், இந்த ஐந்தையும் ஒரே வாக்கியத்தில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார் என்பார். 'நான் ஒரு அடி வாங்கினேன்' சரி, 'நான் ஒரு அடி ஈட்டினேன்' என்று எவனாவது எழுதினால் அவனே சிரித்துவிடுவான். ஒருபொருட் பன்மொழி என்ற தலைப்பில் தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்ததைவிட, இந்தச் சிரிப்பில்தான் ஒரு சொல்லுக்குப் பதிலாக இன்னொன்று அப்படியே உட்காராது என்பது எனக்குப் புரிந்தது.

அவர் சொல்லாமல் விட்டது அந்தச் சொற்களின் ஊர்க்கதை. கெட் வைக்கிங்குகளின் பேச்சிலிருந்து, அவர்களுடைய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. ஃபர்கெட்டில் ஒட்டிக்கொண்டிருப்பதும் இதே குடும்பத்து வேர்தான், அது மட்டும் இங்கிலாந்தில் முன்பே இருந்த கிளை. ரிசீவ், அப்டெய்ன் எல்லாம் 1066இல் நார்மன்கள் வந்து உட்கார்ந்த பிறகு பிரெஞ்சு வழியாக அரண்மனைக்கும் நீதிமன்றத்துக்கும் வந்த சொற்கள், அக்வயரும் பிரெஞ்சு லத்தீன் வகையறாதான். ஆகவே இன்றும் கெட் வீட்டுக்குள் பேசுகிறது, அப்டெய்ன் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசுகிறது. எங்களுக்குக் கோட்டு மட்டும் தைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கோட்டோடுதான் இந்தப் பக்கம் வந்து வேலையில் சேர்ந்தேன். முதல் வாரம். எனக்குப் பக்கத்து மேசையில் தொலைபேசி அடிக்கிறது, அந்த மேசைக்காரர் இல்லை. எதிரே ஏதோ தட்டச்சுச் செய்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல், "கேன் யூ கெட் தட்?" என்றார். கெட் என்றால் எட்டு ஆட்கள். மனசுக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஃபெட்ச் வந்து நின்றான். போய் எடுத்து வா. சரி என்று எழுந்து, அடித்துக்கொண்டிருந்த கருவியை இரண்டு கையாலும் அப்படியே தூக்கி, பின்னால் வயர் இழுபட, அந்த அம்மாவின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். வைக்கவும் மணி நிற்கவும் சரியாக இருந்தது. அவர் கருவியைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை, நல்ல மனுஷி.

இன்னொருவர் ஒரு வேலையை விளக்கிவிட்டு, "டிட் யூ கெட் இட்?" என்று கேட்டபோது, இன்னும் தபாலில் வரவில்லை என்று பதில் சொன்னேன். அதை விட்டுவிடுவோம்.

அந்த நாட்களில் ஒரு சின்ன நோட்டு வைத்து, காதில் விழுந்த கெட்டையெல்லாம் குறித்து, பக்கத்தில் தமிழ் எழுதி வந்தேன். வேலை கிடைத்தது. கோபம் வந்தது. சளி பிடித்தது. இருட்டிவிட்டது. வயதாகிறது. புரிந்தது. வீடு போய்ச் சேர்ந்தேன். மாட்டிக்கொண்டான். அவனைச் செய்ய வைத்தேன். இரண்டு பக்கம் நிரம்பிய பிறகு ஒன்று கண்ணில் பட்டது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் நான் முன்னால் நின்று எல்லாவற்றையும் 'கெட்'டுகிறேன், வேலையை, கோபத்தை, சளியைக்கூட. தமிழில் வேலை எனக்குக் கிடைக்கிறது, கோபம் எனக்கு வருகிறது, சளி என்னைப் பிடிக்கிறது. நான் ஓரமாக ஒரு 'எனக்கு' போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வருவதெல்லாம் தானாக வருகிறது. கெட்டுக்கு நேரான ஒரே தமிழ்ச் சொல்லை வருஷக்கணக்காகத் தேடிக் கிடைக்காமல் போனது ஏன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வேலையில் பாதியை நம் நான்காம் வேற்றுமை செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் நம்மிடமும் சிவப்பு வட்டத்துக்குத் தகுதியான ஆள் உண்டு. போடு. சட்டை போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், சண்டை, சத்தம், கூட்டம், நாடகம், ஊசி, கையெழுத்து, பூட்டு எல்லாமே போடுகிறோம், பூனை குட்டி போடுகிறது, ஒருவரைப் போட்டுக் கொடுக்கிறோம், போதாதென்று தூங்கியும் ஒரு தூக்கம் போடுகிறோம். இந்தக் கட்டுரையிலேயே எத்தனை 'போட்டு' வந்துவிட்டது என்று மேலே போய் எண்ணிப் பார்க்கலாம், நான் எண்ணவில்லை, பயம்.

தொல்காப்பியர் இதற்கெல்லாம் அசரவில்லை. ஒரு சொல் பல பொருளுக்கும், பல சொல் ஒரு பொருளுக்கும் உரியதாக வரும் என்று தம் நூலின் உரியியல் என்ற பகுதியின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, பின்னால் 'கடி' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் கூர்மை, காவல், புதுமை, விரைவு, மிகுதி, அச்சம் என்று பத்துப் பொருள் அடுக்குகிறார். அந்தப் பத்தில் நமக்குத் தெரிந்த பல்லால் கடிப்பது இல்லை! செய்யுளில் எழுதிய பழைய அகராதியான சூடாமணி நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளில் பதினொன்றாவது முழுக்க இப்படிப்பட்ட ஒரு சொல் பல பொருள்தான். பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் ஆங்கிலச் சொற்களை ஆயிரம் தலைப்பில் பொருள்வாரியாகப் பிரித்துத் தம் தெசாரஸை வெளியிட்டது 1852இல். நிகண்டு அதற்குச் சில நூற்றாண்டு மூத்தது என்று இங்கே நண்பர்களிடம் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஆங்கில அகராதிக்காரர்கள் படும் பாடு வேறு வகை. 1989இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் செட் என்ற சொல்லுக்கு 430 பொருள். பிறகு திருத்திய பதிப்பில் ரன் முந்திக்கொண்டது, வினையாக மட்டும் 645, அதை எழுதி முடிக்க ஒரே அகராதியாளர் ஒன்பது மாதம் உட்கார்ந்தாராம். இதற்கு நேரெதிராக, 1930இல் சி.கே. ஆக்டன் என்ற ஆங்கிலேய மொழியறிஞர் வெறும் 850 சொல்லில் ஓர் அடிப்படை ஆங்கிலம் செய்தபோது, அதில் வினைகளாக வைத்துக்கொண்டது பதினெட்டு மட்டும். அந்தப் பதினெட்டில் கெட் உண்டு. அப்டெய்ன் வெளியே, அக்வயர் வெளியே, நம் சாரின் எட்டு ஆளும் வெளியே.

இதைப் படித்த கையோடு சாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது அவருக்கு. தொலைபேசியைத் தூக்கிய கதையும் ஆக்டன் கதையும் மூன்று பக்கத்துக்கு, முழுவதும் ஆங்கிலத்தில், ஒரு கெட்கூட இல்லாமல். பதில் நான்கே வரி வந்தது, எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது. காட் யுவர் லெட்டர். கெட்டிங் ஓல்ட், ஐஸ் கெட்டிங் வர்ஸ். டோன்ட் கெட் வரீட். ரைட் வென் யூ கெட் டைம்.

ஐந்து. இரண்டு தரம் எண்ணினேன். அப்புறம் அந்தக் கடிதத்தை நகல் எடுத்து, ஐந்தையும் சிவப்பு மையில் சுழித்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, வேறொன்றும் எழுதாமல் உறையிலிட்டு அவருக்கே அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. அதில் இரண்டே சொல்: "கெட் அவுட்."