சம இரவு நாளில் ஒரு கோலும் ஒரு கோடும்

சூரியன் நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும், மார்ச் 20ஐ ஒட்டி வரும் சம இரவு நாளைக் கொழும்பில் ஊர்கூட்டிப் பார்ப்பதென்றால் மாலைதான் சுலபம். கிழக்கே கடல் இல்லையே. உதயத்துக்கு வெள்ளவத்தைப் பக்கம் உயரமான தொடர்மாடி ஒன்றின் மொட்டைமாடி வேண்டும். வானம் தெளிந்திருந்தால் சிவனொளிபாதமலையின் கூம்பு தெரியும். கையை நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடியுங்கள். மலைக்கு இடப்பக்கம் அந்த அகலத்தைச் சற்றுத் தாண்டினால் நேர் கிழக்கு. கணக்குப்படி உதயம் 6.15 அளவில். மலைத்தொடர் மறைப்பதால் சில நிமிடம் பிந்தும்.

பகல் வேலைதான் ருசியானது. 50 செ.மீ. கோலின் நிழல் நுனியைக் குறித்துக்கொண்டே போனால், சம இரவு நாட்களில் மட்டும் அது கிழக்கு மேற்காக நேர்கோடு போடும். வெறும் கோல் சரிவராது: காலை 9 மணிக்கு நிழல் 59 செ.மீ. நீளும், நுனி 11 மி.மீ. வரை மங்கிப் பரவும். கோலின் உச்சியில் 6 செ.மீ. அகல மட்டையை ஒட்டி நடுவே 5 மி.மீ. துளை போடுங்கள். விழும் வெளிச்சப் பொட்டின் நடுவை அரைமணிக்கு ஒருமுறை, மூன்றரை வரை குறித்தால் போதும்.

நண்பகல் 12 மணிக்கல்ல, 12.18க்கு. நம் மணிக்கூடு 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு ஓடுகிறது. கொழும்பு அதற்கு மேற்கே இருப்பதே பிந்துவதற்கு முக்கியக் காரணம். அந்நேரம் பொட்டு கோலடியிலிருந்து வடக்கே 6.1 செ.மீ. தள்ளி விழும். 50 செ.மீ. உயரத்துக்கு அது தரும் கோணமே நம் அகலாங்கு (நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை வடக்கே இருக்கிறோம் என்பது), 6.9 பாகை. கோல் ஒரு பாகை சாய்ந்தாலும் 9 மி.மீ. பிழை வரும் என்பதால், அடியைத் துளையிலிருந்து தூக்குக்குண்டு விட்டே குறிக்க வேண்டும். தண்ணீர் ஓட விட்ட தளச்சரிவு கோட்டின் திசையைக் கெடுக்காது, கவலை வேண்டாம். ஒரு வாரம் பிந்திச் செய்தால் மட்டும் கோடு ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வில்லாக வளையும். போன் திசைகாட்டியை இரும்புக் கம்பி ஓடும் கொங்கிறீட் தளத்தில் நம்பவே கூடாது.

மாலைக்குக் காலிமுகத்திடல். அஸ்தமனம் 6.21 அளவில் என்றாலும் ஆட்களை 5.45க்கே வரச் சொல்லுங்கள். மார்ச் கடைசியில் பின்னேர மேகம் அடிவானில் இரண்டு பாகை உயரம் நின்றாலே சூரியன் எட்டு நிமிடம் முந்தி மறைந்துவிடும். வட்டம் கடலைத் தொட்டு முழுதாக இறங்க இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான். கிரகணக் கண்ணாடி இல்லாமல் பார்க்க விடாதீர்கள். எக்ஸ்றே பிலிம் உதவாது. பைனாகுலரைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

சூரியன் போனதும் கூட்டம் வடை வாங்கக் கிளம்பும். மறித்து நிறுத்துங்கள். மறைந்த இடத்தை வலக்கைப் பக்கம் வைத்து நின்றால் முன்னே தெற்கு. 6.42 அளவில் அங்கே, நீட்டிய கையின் மூன்று கைமுட்டி உயரத்தில் அகத்தியர் நட்சத்திரம் (கனோபஸ்), சரியாக உச்சிவட்டத்தில், அதாவது தெற்கையும் வடக்கையும் தலைக்கு மேலாக இணைக்கும் கோட்டில்.