ஏழு புள்ளி கூட எடுக்காத பையன்

ஜூன் மாதம் நெருங்கினால் நான் ஒரு பழைய நோட்டுப்புத்தகத்தைத் தேடி எடுப்பேன். அயோவா மாநிலத்தில் ஏம்ஸ் என்ற ஊரில் புள்ளியியல் படித்த காலத்தில் வாங்கியது. உள்ளே பாடக்குறிப்பு நாலு பக்கம் தேறினால் அதிகம், மீதி எல்லாம் கூடைப்பந்து. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் டிராஃப்டுக்கு முன்னால் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பற்றி நானே எழுதி வைத்த கணிப்புகள்.

டிராஃப்டைத் தொடர்ந்து பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. 30 அணிகள் வரிசை போட்டுப் புதிய ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக எடுக்கும், மொத்தம் இரண்டு சுற்று. எடுக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடிய பையன்கள். சிலருடைய கல்லூரி வாழ்க்கையே முப்பது மேட்சுதான். அந்த முப்பதை வைத்து அடுத்த பத்து வருடத்தைச் சொல்ல வேண்டும்.

2018 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அறையில் தங்கியிருந்த ஈரோட்டு அண்ணன் என்னை ஹில்டன் கொலிசியத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அரங்கம் அது, 14,000 பேருக்கு மேல் உட்காரலாம். வெளியே காது உறைந்துபோகும் குளிர். எதிரே சதர்ன் பல்கலைக்கழகம். ஜெயிப்பதில் சந்தேகமே இல்லாத மேட்ச். நான் பார்க்கப் போனது நிறையப் புள்ளி எடுக்கும் மேரியல் ஷேயாக்கை. திரும்பி வரும்போது பேசியதெல்லாம் முதல் வருடப் பையன் ஒருவரைப் பற்றி. டைரீஸ் ஹாலிபர்ட்டன். அன்று 17 அசிஸ்ட் (கூடையில் விழும் ஷாட்டுக்கு வழி செய்யும் பாஸ்), அந்தக் கல்லூரியின் சாதனை.

"டேய், இந்தப் பையன் பந்தை வெச்சிக்கவே மாட்டேங்கறான் பாத்தியா?" என்றார் அண்ணன். அந்த ஒரு வாக்கியம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

உண்மைதான். பந்து வந்த அரை நொடியில் அடுத்தவர் கைக்குப் போய்விடும். போகிற இடமும் நெஞ்சு உயரத்தில், ஷாட் போட வசதியாக இருக்கும். வாங்குகிறவர் குனியவோ எட்டிப் பிடிக்கவோ வேண்டியதில்லை. டிவியில் ஹைலைட்ஸ் பார்த்தால் இது தெரியாது, அதில் கூடையில் பந்தைப் போட்டவர்தான் தெரிவார்.

அந்த சீசன் முடிந்ததும் அவருடைய கணக்கைப் பார்த்தேன். 40 நிமிட ஆட்டத்தில் சராசரியாக 33 நிமிடம் களத்தில். எடுத்த புள்ளி 6.8. சராசரி ஏழு கூட இல்லாத ஒருவரைப் பயிற்சியாளர் ஏன் வெளியே எடுக்கவே மாட்டேன் என்கிறார்? பதில் பக்கத்துக் கட்டத்திலேயே இருந்தது. மேட்சுக்கு 3.6 அசிஸ்ட், பந்தை இழந்தது 0.8 தடவை. 18 வயதில் இந்த விகிதம் அபூர்வம். அதே அணியில் இருந்த டேலன் ஹார்ட்டன் டக்கர் 2019 டிராஃப்டுக்குப் போனார், 46வது இடத்தில் எடுத்தார்கள். ஹாலிபர்ட்டன் இன்னொரு வருடம் கல்லூரியில் இருந்தார்.

அந்த இரண்டு சீசனுக்கும் நடுவில் ஒன்று நடந்தது, பலர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. கல்லூரி ஆட்டத்தின் மூன்று புள்ளிக் கோட்டை (அதற்கு வெளியேயிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) தள்ளிப் போட்டார்கள். 2019 வரை 6.32 மீட்டர், அதற்கு அப்புறம் 6.75. என்பிஏவில் 7.24, மூலைகளில் மட்டும் கொஞ்சம் கிட்டே. முதல் வருடம் பழைய கோட்டிலிருந்து அவர் 43.4 சதவீதம் போட்டார். இரண்டாம் வருடம் கோடு பின்னால் போனது, எதிரணிகள் அவரைக் குறிவைத்துத் தடுத்தன, அவரும் முன்னைவிட அதிகமாக எறிந்தார். அப்படியும் 41.9. தூரத்தைக் கூட்டியும் குறையாத ஷாட், இன்னும் அரை மீட்டர் கூட்டினாலும் பெரிதாகக் குறையாது என்று நோட்டில் எழுதினேன். இதைவிட நல்ல சோதனை ஒரு ஆட்டக்காரருக்குத் தானாக அமையாது.

ஆனால் நிபுணர்கள் பேசியதெல்லாம் அவர் ஷாட் போடும் விதத்தைப் பற்றி. பந்தை நெஞ்சுக்குக் கீழிருந்து எடுத்துத் தள்ளுவார். பார்க்க அழகாக இருக்காது, அது நிஜம். என்பிஏ தடுப்பாட்டக்காரர்கள் நீளக் கைகளோடு கிட்டே வந்தால் எப்படிப் போடுவார் என்ற கேள்வியிலும் நியாயம் இருந்தது. உடம்பும் ஒல்லி. கூடைக்கு அருகே மோதி ஃப்ரீ த்ரோ (எதிரணி தவறு செய்தால் தடுப்பில்லாமல் போடக் கிடைக்கும் ஷாட்) வாங்குவது மிகக் குறைவு. இந்தக் கடைசிக் குறை எனக்கும் உறுத்தியது. கோணலான கை உறுத்தவில்லை, ஏனென்றால் பந்து விழுந்துகொண்டே இருந்தது.

என்னை உறுதியாக்கியது வேறொன்று. கல்லூரி ஆட்டத்தில் உயரமான தடுப்பாட்டக்காரர் கூடைக்கு அடியிலேயே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். என்பிஏவில் யாரையும் தடுக்காமல் கூடைக்கு முன்னால் இருக்கும் வண்ணக் கட்டத்துக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்க முடியாது. அதனால் அங்கே இடைவெளி அதிகம். கல்லூரியின் நெருக்கடியிலேயே 6.5 அசிஸ்ட் கொடுப்பவருக்கு (இரண்டாம் வருடச் சராசரி அது) அந்த இடைவெளி கிடைத்தால் என்ன ஆகும்? அதோடு மேட்சுக்கு 2.5 ஸ்டீல், அதாவது எதிரணியின் பந்தைப் பறிப்பது. ஸ்டீலை வெறும் கைவேகம் என்று நான் நினைப்பதில்லை. பாஸ் எங்கே போகப்போகிறது என்று எதிராளிக்கு முன்பே தெரிந்தவர்தான் அங்கே போய் நிற்பார். கொடுப்பதற்கும் பறிப்பதற்கும் அதே கண்தான்.

2020 பிப்ரவரியில் கான்சஸ் ஸ்டேட்டுக்கு எதிரான மேட்சில் இடது மணிக்கட்டு உடைந்தது. 22 மேட்சோடு அவருடைய சீசன் முடிந்தது. அடுத்த மாதம் கொரோனா வந்து கல்லூரிப் போட்டிகளையே ரத்து செய்தார்கள். டிராஃப்ட் ஜூனிலிருந்து நவம்பர் 18க்குத் தள்ளிப் போனது. எட்டு மாதம் புது ஆட்டமே இல்லை, பழைய வீடியோவையே எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். என் பட்டியலில் அவர் நான்காவது.

அன்று இரவு அண்ணன் டல்லஸில், நான் ஏம்ஸில், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு டிவி பார்த்தோம். இரண்டாவது இடத்தில் ஜேம்ஸ் வைஸ்மன். கல்லூரியில் அவர் ஆடியது மூன்றே மேட்ச். ஏழாவது போனது, எட்டாவது போனது. பதினொன்று போனபோது அண்ணன் பேசுவதையே நிறுத்திவிட்டார். பன்னிரண்டில் ஹாலிபர்ட்டனைச் சாக்ரமெண்டோ அணி எடுத்தது. முதல் சீசனிலேயே மூன்று புள்ளி ஷாட்டில் 40 சதவீதத்துக்கு மேல் போட்டார். பிற்பாடு இண்டியானாவுக்குப் போய், 2023-24இல் லீகிலேயே அதிக அசிஸ்ட் சராசரி அவருடையது, 10.9. 2025இல் இண்டியானாவை இறுதிச்சுற்று வரை கொண்டுபோனார்.

அதே நோட்டில் நான் தப்பாக எழுதியதும் இருக்கிறது. டெஸ்மண்ட் பேன் டெக்சஸ் கிறிஸ்டியன் அணியில் நான்கு வருடம் ஆடியவர், வருடா வருடம் ஏம்ஸுக்கு வருவார். நான்கு வருடத்திலும் சேர்த்து மூன்று புள்ளி ஷாட்டில் 43 சதவீதம். கண் முன்னால் பார்த்தும், "கை நீளம் பத்தாது, வயது 22, இரண்டாம் சுற்று" என்று எழுதியிருக்கிறேன். முதல் சுற்றின் கடைசி, முப்பதாவது இடத்தில் போனார். மெம்ஃபிஸில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எவ்வளவு தவறினேன் என்று தெரியும். இன்ச் டேப் சொன்னதை நம்பினேன், நான்கு வருட ஆட்டம் சொன்னதை நம்பவில்லை.

அதைவிட வலிப்பது டைரீஸ் மேக்ஸியின் பக்கம். கென்டக்கியில் ஒரே வருடம், மூன்று புள்ளி ஷாட்டில் 29.2 சதவீதம். "ஷூட்டிங் இல்லை" என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். ஆனால் ஃப்ரீ த்ரோவில் அவர் 83.3 சதவீதம். தடுக்க ஆளில்லாமல், ஒரே தூரத்திலிருந்து, கை மட்டும் பேசும் இடம் அது. அங்கே நன்றாகப் போடுகிறவர்கள் பின்னால் தூரத்திலிருந்தும் போடுவார்கள் என்று அப்போதே பலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நானும் படித்திருந்தேன். பிலடெல்பியா அவரை 21வது இடத்தில் எடுத்தது. அங்கே இரண்டாவது சீசனிலேயே 42.7 சதவீதம் போட்டார்.

அந்தக் கென்டக்கி சீசன் முழுக்க அவர் எறிந்தது 113. விழுந்தது 33. இன்னும் ஆறு விழுந்திருந்தால் 34.5 சதவீதம், நான் சிவப்பு மையைத் தொட்டே இருக்க மாட்டேன். முப்பத்தொரு மேட்சில் ஆறு பந்து. புள்ளியியல் வகுப்பில் சின்ன மாதிரிகளைப் பற்றிப் பரீட்சை எழுதித் தேறிய அதே வருடம் இதைச் செய்திருக்கிறேன். சிவப்பு வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் 33/113, அதன் கீழே 39/113 என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.