பயிற்சி மையத்தை மூடும் வரிசை

ஊடகப் பயிற்சி மையத்தை மூடிவிடலாம் என்று முடிவானதும் பெரும்பாலோர் முதலில் தேடுவது நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மின் பாரத்தை. அது கடைசி வேலை. முதலில் மேசைக்கு வர வேண்டியது கட்டணப் பதிவேடு.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கம் கடைவீட்டு மாடிகளில் இருக்கும் இத்தகைய மையங்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கின்றன. அறிவிப்பாளர் பயிற்சி, செய்தி வாசிப்பு, பின்னணிக் குரல், காணொளித் தொகுப்பு. சனி, ஞாயிறு வகுப்பு. ஒலிப்பதிவுக்கு ஓர் அறை, கணினிக்கு ஓர் அறை. முழுநேர ஊழியர் ஒருவரோ இருவரோ. மற்றவர்கள் வகுப்புக்கு இவ்வளவு என்று வந்து போகும் பயிற்றுநர்கள். தமிழில் ஊடக வேலைக்கான கதவுகள் மலேசியாவில் எண்ணி விடக்கூடியவை. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. படித்து முடித்தவர் போய்ச் சேர இடம் குறையும்போது படிக்க வருபவரும் குறைகிறார். ஆகவே மூடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எப்படி மூடுகிறோம் என்பதில்தான் பெயர் கெடும்.

கட்டணத்தை முன்கூட்டியே வாங்கும் தொழில் இது. வங்கியில் இருக்கும் பணத்தைப் பார்த்தால் நிலைமை நன்றாக இருப்பது போலத்தான் தோன்றும். ஓர் உதாரணக் கணக்கு: 12 வகுப்புக்கு 1,200 ரிங்கிட் கட்டிய மாணவருக்கு 5 வகுப்பு நடந்திருக்கிறது. மீதி 700 ரிங்கிட் மையத்தின் பணம் அல்ல, மாணவருக்குக் கொடுக்க வேண்டிய கடன். இப்படி 18 பேர் இருந்தால் 12,600. வங்கியில் 20,000 இருந்தாலும் கையில் உண்மையில் 7,400தான். அதில் வாடகை, மின்கட்டணம், ஊழியர் சம்பளம், இடத்தைப் பழையபடி ஆக்கிக் கொடுக்கும் செலவு எல்லாம் அடங்க வேண்டும். இந்தக் கணக்கு எதிர்மறையாகப் போகும் முன்பே மூடும் தேதியைக் குறித்துவிட வேண்டும். சிறு மையங்கள் கெட்ட பெயரோடு முடிவதற்கு வழக்கமான காரணம், இந்தக் கழித்தலைச் செய்யாமல், புதிய மாணவர் அணி கட்டிய பணத்தில் பழைய வாடகையைக் கட்டிக்கொண்டே போவது. ஒருநாள் புதிய அணி சேராது. அன்று கதவு பூட்டியிருக்கும், பெற்றோர் கீழே நிற்பார்கள்.

எனவே முதல் நடவடிக்கை, புதிய சேர்க்கையை நிறுத்துவது. யாரிடமும் சொல்வதற்கு முன்பே விளம்பரத்தை நிறுத்திவிடலாம். அடுத்து பயிற்றுநர்கள், அதன் பிறகே மாணவர்கள். பயிற்றுநருக்குத் தெரியாமல் மாணவருக்குச் செய்தி போனால், அடுத்த சனிக்கிழமை வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஒன்றும் தெரியாமல் நிற்பார். பாதியில் நிற்கும் இரண்டு மூன்று அணிகளை ஒன்றாக்கி, நடத்தி முடிக்கக்கூடியதை முடித்துவிடுவது பணத்தைத் திருப்பித் தருவதைவிட மலிவு. மாணவருக்கும் அதுதான் நல்லது. ஆனால் செய்தி வாசிப்பு அணியையும் தொகுப்பு அணியையும் ‘எல்லாம் ஊடகம்தானே’ என்று ஒரே வகுப்பில் உட்கார வைப்பது ஏமாற்று வேலை.

மாணவருக்குப் போகும் செய்தி புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பொதுவாகப் போகக்கூடாது. குழுவில் ஒருவர் ‘காசு திரும்ப வருமா?’ என்று கேட்டால் பதில் வருவதற்குள் மற்ற எல்லோரும் பதறிவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக, அவரவர் எண்ணிக்கையோடு அனுப்ப வேண்டும்:

“வணக்கம். நமது மையம் ஜூன் 30-உடன் வகுப்புகளை நிறைவு செய்கிறது. உங்கள் பெயரில் 7 வகுப்புகள் பாக்கி உள்ளன. மே, ஜூன் சனிக்கிழமைகளில் அவற்றை முடித்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் 700 ரிங்கிட் மே 20-க்குள் உங்கள் வங்கிக் கணக்கில் சேர்க்கப்படும். எது வேண்டும் என்பதை மே 10-க்குள் தெரிவியுங்கள்.”

‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ என்று தொடங்கும் பத்தி தேவையில்லை. அதை யாரும் படிப்பதில்லை, எல்லோரும் தேடுவது எண்ணைத்தான். வரவேற்பில் இருக்கும் பெண்ணிடமும் இந்தப் பட்டியல் இருக்க வேண்டும். ‘அக்கா, என் மகனுக்கு எத்தனை கிளாஸ் பாக்கி?’ என்று வரும் அழைப்புக்கு அவர் உடனே எண்ணைச் சொன்னால் அரைவாசிப் பதற்றம் அங்கேயே அடங்கிவிடும். மீதியுள்ள மாணவர்களை வேறு மையத்துக்கு மாற்றிவிடுவதாக இருந்தால், அவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுக்கும் முன் சம்மதம் வாங்க வேண்டும். 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறு மையத்துக்கும் சேர்த்துத்தான். மாணவர் பட்டியலையே ஒரு விலை பேசி விற்கும் வழக்கமும் இருக்கிறது. அதில் கை வைக்க வேண்டாம்.

நிறுவனங்களுக்கு மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்ஆர்டி கோர்ப் மானியத்தில் பயிற்சி நடத்திய மையம் என்றால், நடத்திய பயிற்சிக்கான கோரிக்கை எல்லாம் பணமாகி வரும்வரை வங்கிக் கணக்கைத் தொடக்கூடாது. வருகைப் பதிவில் ஒரு கையெழுத்து குறைந்தாலும் கோரிக்கை திரும்பி வரும். மையம் கலைந்த பிறகு அந்தக் கையெழுத்தை வாங்க ஆள் கிடைக்காது.

முழுநேர ஊழியர் விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு காலம் எழுதப்படவில்லை என்றால், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வார முன்னறிவிப்பு, இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 6 வாரம், ஐந்துக்கு மேல் 8 வாரம். மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவர் 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி பணிநீக்க ஈட்டுத்தொகை உண்டு: ஆண்டுக்கு முறையே 10, 15, 20 நாள் சம்பளம். அதை வேலை முடிந்த 7 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆட்குறைப்பைத் தெரிவிக்கும் பிகே பாரம் 30 நாளுக்கு முன்பே தொழிலாளர் இலாகாவுக்குப் போக வேண்டும். வருமான வரி வாரியத்துக்கான சிபி22ஏ பாரமும், தேவைப்படும் ஊழியருக்கு, 30 நாளுக்கு முன்பே.

இதில் அடிக்கடி நடக்கும் ஓர் அநியாயம் உண்டு. ஈட்டுத்தொகையைத் தவிர்க்க, ‘நீங்களே ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுங்கள், நல்ல சான்றுக் கடிதம் தருகிறோம்’ என்று ஊழியரைக் கேட்பது. அவரும் முகதாட்சண்யத்துக்காகக் கொடுத்துவிடுவார். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் வேலை தேடும் காலத்துக்கான உதவித்தொகை, வேலையை இழந்தவருக்குத்தான். தானாக விலகியவருக்கு இல்லை. அந்த ஒரு கடிதத்தால் ஈட்டுத்தொகையும் போகும், உதவித்தொகையும் போகும். முதலாளி கொடுக்க வேண்டியது, நிறுவனம் மூடப்படுவதால் வேலை முடிவுக்கு வருகிறது என்று தேதியோடு எழுதிய கடிதம். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். கடைசி மாதத்து ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ சந்தா அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். கடைசி மாதம்தானே என்று விட்டால் பின்னால் நிறுவனத்தின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும்போது ஆட்சேபமாக அதுவே வந்து நிற்கும்.

அடுத்தது இடம். வாடகை ஒப்பந்தத்தில் முன்னறிவிப்பு எவ்வளவு, முன்பணம் எந்த நிபந்தனையில் திரும்பும் என்ற இரண்டு வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும். ஒலிப்பதிவு அறை உள்ள இடத்தை ஒப்படைப்பது சாதாரண அலுவலகத்தை ஒப்படைப்பது போல் இருக்காது. சுவரில் நேரடியாகப் பசையடித்து ஒட்டிய ஒலி உறிஞ்சும் பஞ்சுத் தகடுகளை இழுத்தால் சாயத்தோடு சேர்ந்து பூச்சும் பெயர்ந்து வரும். பஞ்சை முதலில் சுவரை ஒட்டினாற்போல் அகலக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, மிஞ்சும் பசையை வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் இளக்கிச் சுரண்ட வேண்டும். பிறகு பட்டி பார்த்து, மேல்பூச்சு. ஜிப்சம் தடுப்புச் சுவரைப் பிரித்தால் தரை ஓட்டில் திருகாணித் துளைகள் வரிசையாகத் தெரியும். அவற்றையும் அடைக்க வேண்டும். இந்த வேலைக்கு இரண்டு வாரம் ஒதுக்கி, கடைசி வகுப்பை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அடுத்து வருபவர் தடுப்பையும் குளிர்சாதனத்தையும் அப்படியே எடுத்துக்கொள்வார் என்று தவுக்கே (இடத்தின் உரிமையாளர்) வாய்மொழியாகச் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் மாநகர மன்றத்தின் (டிபிகேஎல்) வணிக உரிமத்தையும் பெயர்ப்பலகை உரிமத்தையும் ரத்து செய்து, பலகையை இறக்கிவிட வேண்டும்.

கருவிகளை விற்பதில் அவசரம் வேண்டாம். ஆனால் தாமதமும் இந்த ஊர் ஈரப்பதத்தில் நட்டம். உலர் பெட்டியை முதலில் விற்றுவிட்டு லென்ஸுகளை அட்டைப்பெட்டியில் வைத்தால் சில வாரங்களிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். லென்ஸ், ஒலிவாங்கி போன பிறகே உலர் பெட்டி. உப்பிய லித்தியம் மின்கலத்தை யாருக்கும் இனாமாகக்கூடக் கொடுக்காமல் மின்கழிவு மையத்தில் சேர்க்க வேண்டும்.

கருவியைவிடச் சிக்கல் கோப்புகளில் இருக்கிறது. அடோபி மென்பொருள் சந்தா நின்ற அன்றே அதன் பிரீமியரில் செய்த தொகுப்புக் கோப்புகள் திறக்காமல் போய்விடும். அதற்கு முன்பே தேவையான காணொளிகளை முழுத் தரத்தில் ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும். ஆண்டுச் சந்தாவை மாதத் தவணையில் கட்டுபவர் இடையில் நிறுத்தினால் மீதித் தவணைகளில் பாதியைக் கேட்பார்கள். புதுப்பிக்கும் தேதியை ஒட்டி நிறுத்துவதே சரி. மாணவர்கள் பதிவு செய்த குரல் மாதிரிகள் அவர்களுக்கு வேலை தேடும் கருவி. இணைப்பு அனுப்பினால் போதாது, மையத்தின் கூகுள் கணக்கு மூடப்பட்டால் இணைப்பும் செத்துவிடும். அவர்களே இறக்கிக்கொள்ள ஒரு மாதம் கொடுத்து, இறக்காதவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

சான்றிதழ் விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மையம் போனாலும் அதன் சான்றிதழ் ஒருவரின் வேலை விண்ணப்பத்தில் இருந்துகொண்டே இருக்கும். உண்மையானதா என்று ஆண்டுகள் கழித்தும் யாராவது கேட்பார்கள். பெயர், வகுப்பு, மொத்த மணி நேரம், முடித்த தேதி, சான்றிதழ் எண் ஆகிய ஐந்தும் கொண்ட ஒரே அட்டவணை போதும். அடையாள அட்டை நகல்களை அழித்துவிடலாம், அழிக்கவும் வேண்டும். இணைய முகவரியை உடனே விட்டுவிடாமல் குறைந்தது இரண்டு ஆண்டு புதுப்பித்து வைப்பது நல்லது. காலாவதியான முகவரியை வேறொருவர் வாங்கிவிட்டால், பழைய மின்னஞ்சலுக்கு வரும் கடவுச்சொல் மாற்றும் செய்திகளெல்லாம் அவர் கைக்குப் போகும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் எஸ்எஸ்எம். தனிநபர் வணிகமோ கூட்டு வணிகமோ என்றால், நிறுத்திய 30 நாளுக்குள் முடிவு அறிவிப்பைத் தாக்கல் செய்தால் பெரும்பாலும் முடிந்தது. செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம்) என்றால் 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 550-ஆம் பிரிவில் பெயர் நீக்க விண்ணப்பம். சொத்து, கடன் எதுவும் இருக்கக்கூடாது, வரி பாக்கியும் அபராத பாக்கியும் இருக்கக்கூடாது. இயக்குநர் நிறுவனத்துக்குக் கொடுத்த கடன் கணக்கில் இருந்தால் அதையும் தீர்த்தாக வேண்டும்; கடன் மீதியோடு விண்ணப்பிக்க முடியாது. இங்கே வரிசை தவறினால் வரும் இடைஞ்சல் ஒன்று: வங்கிக் கணக்கை மூடிவிட்டு விண்ணப்பித்த பிறகு, தவுக்கேயிடமிருந்தோ மின் விநியோக நிறுவனமான டிஎன்பியிடமிருந்தோ முன்பணக் காசோலை நிறுவனத்தின் பெயரில் வந்து சேரும். போட இடமில்லை. பெயர் நீங்கிய பிறகு மிஞ்சும் சொத்து பதிவாளரிடம் போய்விடும். ஆகவே முன்பணங்கள் எல்லாம் வந்து, கடைசிக் கடனும் தீர்ந்த பிறகே கணக்கை மூடுவது. நிறுவனச் செயலாளருக்குக் கட்டணம் கட்ட மனமில்லாமல் நிறுவனத்தை அப்படியே போட்டுவிடுவது சிக்கனம் அல்ல. தொழில் நடக்காவிட்டாலும் ஆண்டறிக்கை கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள், அபராதம் ஏறும். கணக்குப் பதிவுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எந்த இயக்குநரின் வீட்டில் என்பதையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

பதிவாளரிடம் போய்விடும் சொத்தில் பாடக்குறிப்புகளும் அடங்கும். 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லை என்றால், வேலையின் பகுதியாக ஊழியர் எழுதியதும், கேட்டு எழுதி வாங்கியதும் மையத்துக்கே உரிமை. உச்சரிப்புப் பயிற்சித் தாள்களைப் பல ஆண்டு திருத்தித் திருத்தி எழுதிய பயிற்றுநர், நாளை தன் வீட்டு வரவேற்பறையில் ஐந்து பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க விரும்பினால், அந்தத் தாள்கள் யாருடையவை என்ற கேள்வி எழக்கூடாது. விண்ணப்பம் போகும் முன், எந்தப் பாடத் தொகுப்பு யாருக்கு என்று பட்டியலிட்டு, உரிமை மாற்றத்தை எழுத்தில் செய்து கையெழுத்திட வேண்டும். வாய்ச் சொல் செல்லாது. பங்காளிகளுக்குள் ‘இனி நீ வகுப்பு நடத்தக்கூடாது’ என்ற பேச்சு வந்தால், 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு அத்தகைய தடையைப் பொதுவாகச் செல்லாததாக்குகிறது என்பது தெரிந்திருக்கட்டும். நற்பெயரோடு தொழிலையே விற்றாலோ, கூட்டு வணிகத்தைக் கலைக்கும்போது பங்காளிகள் தங்களுக்குள் உடன்பட்டாலோ நியாயமான எல்லைக்குள் அப்படி ஒரு தடை போடலாம். மையத்தின் யூடியூப் தளத்தை ஒருவர் எடுத்துக்கொள்வதாக இருந்தால் அவரை இப்போதே உரிமையாளராகச் சேர்த்துவிடுங்கள். முதன்மை உரிமையாளராக மாற்ற 7 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். அதற்குள் மையத்தின் மின்னஞ்சல் மூடப்பட்டிருக்கக்கூடாது.