பெண்கள் கால்பந்து அணியைப் பதிவு செய்ய நாங்கள் பட்ட பாடு

ஒருவழியாக என் மகள் படிக்கும் அரசுப் பள்ளியின் பெண்கள் கால்பந்து அணி, 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் மாவட்டப் போட்டி வரை போய் வந்துவிட்டது. முதல் ஆட்டத்திலேயே 0-4. தோற்றதில் ஒரு வருத்தமும் இல்லை. அந்த மைதானத்தில் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் பட்ட பாடுதான் இன்னும் எரிகிறது. வேறு பெற்றோர் யாராவது இதில் இறங்குவதாக இருந்தால் உதவுமே என்று எழுதுகிறேன்.

பெண் பிள்ளைகள் ஆடக் கூடாது என்று எந்த இடத்திலும் யாரும் சொல்லவில்லை. விதியிலும் அப்படி இல்லை. குறுவட்டம் (பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த சிறு வட்டாரம்), வருவாய் மாவட்டம், மாநிலம் என்று நடக்கும் பள்ளி விளையாட்டுகளில் 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் மாணவியரும் உண்டு. ஆனால் போன இடமெல்லாம் ஒரே பதில்: "பொண்ணுங்க யாரும் வர்றதில்லையேம்மா." நீங்கள் கூப்பிட்டீர்களா என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். எங்கள் குறுவட்டத்தில் அன்றைக்குப் பெயருக்குக்கூட ஒரு பெண்கள் அணி இல்லை.

பள்ளியில் பி.இ.டி. சார், அதாவது உடற்கல்வி ஆசிரியர், நல்ல மனிதர். ஆனால் ஒற்றை ஆள். "கோ-கோ இருக்கு, எறிபந்து இருக்கு, அதுல சேர்த்து விடுங்க. கிரவுண்டு பசங்களுக்கே பத்தல" என்றார். மைதானம் ஒன்றுதான், சாயங்காலம் முழுக்கப் பையன்கள் கையில். இதை நேரில் பேசி ஜெயிக்க முடியாது என்று புரிந்ததும் பள்ளி மேலாண்மைக் குழுவைப் பிடித்தேன். இதை நிறையப் பேர் சும்மா கையெழுத்துப் போடும் கூட்டம் என்று நினைக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அங்கே ஒரு தீர்மானம் பதிவேட்டில் ஏறிவிட்டால், பள்ளி அதைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது.

கூட்டத்தில் இரண்டு விஷயம் வைத்தேன். ஒன்று, வாரத்தில் மூன்று நாள் மைதானம் பெண்களுக்கு. இரண்டு, சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு விளையாட்டுக்கென்று ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை வருகிறதே, அதில் பெண் பிள்ளைகளுக்கு என்ன வாங்கினீர்கள்? அறையில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு அப்பா, "பந்து ஆடி என்னம்மா ஆகப்போவுது?" என்றார். கடலூர்க்காரப் பெண் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடியவர், தமிழ்நாடு போலீஸில் எஸ்.ஐ. என்றேன். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம், பொறியியல் கலந்தாய்வில் 500 இடம் என்றும் சொன்னேன். வேலை என்றதும் அவரே, "அப்ப எம்பொண்ணு பேரையும் எழுதிக்குங்க" என்றார். தீர்மானம் நிறைவேறியது. உடனே அதை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். நீங்களும் எடுத்து வையுங்கள். பின்னால் அந்தப் படம்தான் பேசியது.

ஆள் சேர்ப்பது சுலபமாக முடிந்தது. பிள்ளைகள் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அடுத்து தகுதிப் படிவம். ஒவ்வொரு பிள்ளைக்கும் புகைப்படம், எமிஸ் எண் (கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எண்), பிறந்த தேதி, தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரை. வயதுப் பிரிவை வகுப்பை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். போட்டிக்கென்று வரும் சுற்றறிக்கையில் உள்ள தேதியை மட்டும் பாருங்கள். எங்கள் கோல்கீப்பருக்கு ஆதாரில் ஒரு பிறந்த தேதி, பள்ளிப் பதிவில் இன்னொன்று. பிறப்புச் சான்றிதழை அவள் பாட்டி ஊரில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துவந்து, ஆதாரைத் திருத்தி முடிப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் வந்தது. அணி என்று பேச்செடுத்த அன்றைக்கே எல்லோருடைய பிறப்புச் சான்றிதழையும் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

பெண்கள் அணியோடு ஆசிரியை ஒருவர் வர வேண்டும். இது பாதுகாப்புக்கு, இதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஆசிரியை கிடைக்காவிட்டால் அணியே போக முடியாது. பையன்கள் அணிக்கு இப்படி ஒரு பூட்டு கிடையாது. ஒரு டீச்சருக்குக் கைக்குழந்தை, இன்னொருவர் வீட்டில் விட மாட்டார்கள். கடைசியில் கணக்கு டீச்சர்தான், "நான் படிக்கிறப்ப என்னை ஓட விடல, வரேன் போங்க" என்று கிளம்பினார்.

பதிவு செய்யப் போன இடத்தில்தான் உச்சம். பட்டியல் வாங்கும் அலுவலர் ஏறெடுத்துப் பார்க்காமல், "கால்பந்து மாணவியர் இந்த வருஷம் இல்லம்மா, ஷீட்லயே அதுக்குக் கட்டம் போடல" என்றார். யாரும் பதிவு செய்யாததால் போடவில்லையாம். போடாததால் பதிவு செய்ய முடியாதாம். அன்று வெறுங்கையோடு திரும்பினோம். அடுத்த முறை சுற்றறிக்கையை அச்செடுத்து, "கால்பந்து: மாணவர், மாணவியர்" என்ற வரியில் மஞ்சள் அடித்து, தீர்மானப் படத்தோடு போனேன். "இல்லன்னு எழுத்துல கொடுத்துடுங்க சார், நான் முதன்மைக் கல்வி அலுவலர் ஆபீஸ்ல காட்டிக்கிறேன்" என்றேன். கோபப்படவில்லை, குரலும் உயர்த்தவில்லை. அவர் அச்சுத்தாளைப் படித்தார், பேனா எடுத்தார், ஷீட்டின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் புதிதாகக் கட்டம் போட்டார். அந்தக் கோடு கோணல்தான். எனக்கு அது போதும். நகலில் தேதி முத்திரை வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.

குறுவட்டப் போட்டி அன்று எங்களைத் தவிர அணியே இல்லை. "வாக்ஓவர்மா, வீட்டுக்குப் போங்க" என்றார்கள். எதிரணி இல்லாததால் ஆடாமலே வெற்றி என்று அர்த்தம். சரி, முடிவுத்தாளில் எங்கள் பள்ளிப் பெயரை எழுதுங்கள் என்றால், "ஆட்டமே நடக்கல, எதுக்கு?" இங்கே கொஞ்சம் அசந்திருந்தால் மாவட்டப் பட்டியலில் எங்கள் பெயர் ஏறியிருக்காது. கணக்கு டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எழுதிக் கையெழுத்தாகி வந்த பிறகுதான் எழுந்தார்.

மாவட்டப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு, எங்களுக்கு யாரும் சொல்லாத இரண்டு சங்கதி. வெறும் டவுசர் போட்டு ஆட நிறைய வீடுகளில் விட மாட்டார்கள்; உள்ளே லெகிங்ஸ் போடலாம், விதி அனுமதிக்கிறது. ஆனால் டவுசர் நிறத்திலேயே இருக்க வேண்டும். நீல டவுசருக்குக் கறுப்பு லெகிங்ஸ் போட்டிருந்த பிள்ளைகளை நடுவர் நிறுத்திவிட்டார். ஒரு அம்மா ஓடிப்போய்த் துணிக்கடையைத் திறக்க வைத்து நீலம் வாங்கிவந்தார். அடுத்தது நகை. கம்மல், கொலுசு, வளையல், மூக்குத்தி எதுவும் கூடாது என்றார்கள். மேலே பிளாஸ்திரி ஒட்டினாலும் ஏற்கவில்லை. புதிதாக மூக்குக் குத்திய ஒரு பிள்ளை கழற்றினால் துளை தூர்ந்துவிடும் என்று அழுதுகொண்டே கழற்றினாள். நல்லவேளை, தூரவில்லை.

உடை மாற்ற இடம் கேட்டபோது, பையன்கள் பை வைத்திருந்த வகுப்பறையைக் காட்டினார்கள். தாழ்ப்பாள் இல்லை. அம்மாக்கள் நான்கு பேர் கதவுக்கு முதுகு கொடுத்து நின்றோம். கழிப்பறையைப் பற்றி எழுதப்போவதில்லை. நாப்கின், கறுப்புக் குப்பைப் பை, ஒரு குடம் தண்ணீர், சோப்பு ஆகியவற்றை நீங்களே கொண்டுபோங்கள். அமைப்பாளர்களிடம் மகளிர் அறை வேண்டும் என்று முந்தைய வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எழுதாவிட்டால் "யாரும் கேக்கலயே" என்பார்கள்.

இந்த வருடச் சுற்றறிக்கை வந்துவிட்டது. பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் போன் செய்து படிவ மாதிரி கேட்டார், அனுப்பிவிட்டேன். பி.இ.டி. சார் இப்போது 14 வயதுப் பிரிவுக்கும் பெயர் எழுதுகிறார். பள்ளிக்கு வரும் அந்த விளையாட்டு மானியத்தில் தருவதாகச் சொன்ன ஜெர்சிக் காசு மட்டும் இன்னும் வரவில்லை. பில்லில் பள்ளிப் பெயர் போடாமல் என் பெயர் போட்டிருக்கிறதாம். கடைக்காரரிடம் மாற்றி எழுதி வாங்கிவிட்டேன், திங்கட்கிழமை மறுபடி போகிறேன்.