ஐஸ் இல்லாத மேடையில் ஸ்கேட்டிங்: முதலில் தரையைப் பாருங்கள்

"அரங்கில் ஐஸ் கிடையாது, ஃபிகர் ஸ்கேட்டர்களை வரவழைக்க முடியுமா?" என்று நிகழ்ச்சி நடத்துபவர்கள் கேட்பதுண்டு. தாராளமாக முடியும். 1849-லேயே பாரிஸ் ஓபரா மேடையில், ஐஸில் சறுக்கும் காட்சிக்காக நடனக் கலைஞர்கள் காலில் சக்கரம் கட்டி ஆடியிருக்கிறார்கள். ஆனால் பாட்டு, உடை, விளக்கு எல்லாம் முடிவான பிறகுதான் பலரும் தரையைப் பற்றி யோசிக்கிறார்கள். தரையை முதலில் முடிவு செய்யுங்கள். அது எதைத் தாங்குமோ அந்த ஆட்டம்தான் வரும். ஐஸில் ஆடியதை அப்படியே கொண்டுவந்து இறக்க முடியாது.

பொதுவாகக் கிடைப்பது செயற்கை ஐஸ். பெயர்தான் ஐஸ், உண்மையில் அது மூலக்கூறு எடை மிக அதிகமுள்ள பாலித்தீன் பலகை. 12 முதல் 20 மி.மீ. வரை தடிமனில் வரும். ஓரத்தில் வெட்டியிருக்கும் பள்ளமும் நாக்கும் ஒன்றோடொன்று பொருந்தி இறுகும். தனி ஸ்கேட்டர் ஒருவருக்கு 6 × 6 மீட்டர் இருந்தால் ஆட்டம் ஆட்டமாகத் தெரியும். அதற்குக் கீழே போனால் சுழற்சியும் கையசைவும்தான் மிஞ்சும். ஜோடிக்கு 8 × 10 கேளுங்கள். எடையையும் கணக்குப் போடுங்கள். 12 மி.மீ. பலகை சதுர மீட்டருக்குச் சுமார் 11 கிலோ. 36 சதுர மீட்டருக்கு 400 கிலோ ஆகிவிடும். மேல்மாடி அரங்கு என்றால் லிஃப்ட்டில் பலகை நுழையுமா என்று முன்கூட்டியே அளந்துகொள்வது நல்லது.

நிஜ ஐஸின் மேற்பரப்பில் திரவம் போன்ற மெல்லிய படலம் எப்போதும் இருக்கும். பிளேடு வழுக்குவதற்கு அது பெரிய காரணம். பிளாஸ்டிக்கில் அது இல்லை. அதனால் ஒரு தள்ளலில் கிடைத்த வேகம் சீக்கிரமே கரைந்துவிடும். ஐஸில் நின்று நிதானமாக மூன்று நிலை மாற்றிச் சுற்றும் ஸ்பின், இங்கே இரண்டாவது நிலையிலேயே சோர்ந்துபோகும். ஒரே நிலையில் வேகமாக நுழைந்து, கைகளை இறுக்கி, வேகம் குறையத் தொடங்கும் முன்பே வெளியே வந்துவிட வேண்டும். பார்வையாளருக்குச் சுற்றின் எண்ணிக்கை முக்கியமில்லை. தளர்வது மட்டும் கண்ணில் படும்.

ஜம்ப்பில் இன்னொரு சிக்கல். ஏறுவது பெரிய தொல்லையில்லை. இறங்கிய பிறகு பின்னோக்கி வழுக்கிப் போக வேண்டிய தூரம்தான் பாதியில் பிடித்துக்கொள்ளும். உடல் தன் வேகத்தில் போய்க்கொண்டிருக்க, கால் மட்டும் நின்றுவிட்டால் விழுவது நிச்சயம். ஒன்றரைச் சுற்று ஜம்ப்பான சிங்கிள் ஆக்ஸல், இரண்டு சுற்று ஜம்ப்களான டபுள் சால்கோ, டபுள் டோ லூப் அளவோடு நிறுத்திக்கொள்வது என் பரிந்துரை. டெத் ஸ்பைரல் (ஆண் ஒரே இடத்தில் ஊன்றிச் சுழல, அவர் கையைப் பிடித்தபடி பெண் தரையை ஒட்டிச் சாய்ந்து சுற்றுவது) வைத்தால், ஆணின் டோ பிக் (பிளேடின் முன்முனைப் பற்கள்) ஊன்றும் இடத்தில் பலகை குழிந்துபோகும். அந்த இடத்துக்கென்றே ஒரு பழைய பலகையை ஒதுக்கி, காட்சிக்குக் காட்சி திருப்பிப் போடுங்கள். குழி விழுந்த பலகையில் அடுத்தவர் ஸ்பின் செய்யக் கூடாது.

பிளேடு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். ஐஸில் பல வாரம் தாங்கும் சாணை, பிளாஸ்டிக்கில் சில மணி நேரத்தில் மழுங்கும். இந்த வேலைக்கென்று தனி ஜோடி பிளேடு வைத்திருப்பதே புத்திசாலித்தனம். ஒவ்வொரு காட்சிக்கும் முன் விளிம்பில் நகத்தை வைத்துப் பாருங்கள்: நகம் சீவப்பட்டால் சரி, வழுக்கினால் சாணை தேவை. ஓரத்தில் பிசிறு தட்டுப்பட்டால் சின்ன சாணைக்கல்லால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

பலகை விரிப்பதில்தான் பாதி வெற்றி. அடித்தளம் ரசமட்டத்தில் சரியாக இருக்க வேண்டும். 2 மீட்டர் நீளக் கட்டையை வைத்தால் அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. மேடை வாட்டமாக இருந்தால் ஒட்டுப்பலகை போட்டுச் சரிசெய்யுங்கள். இணைப்புகளின் மேல் நாணயத்தின் விளிம்பை ஓட்டிப் பாருங்கள். நாணயம் தட்டும் இடத்தில் பிளேடும் தட்டும். பாலித்தீன் சூட்டில் நன்றாக விரியும். 10 மீட்டர் நீளம், 20 டிகிரி ஏறினால் சுமார் 3 செ.மீ. நீளும். காலையில் நிழலில் இறுக்கமாகக் கோத்து, நான்கு பக்கமும் சட்டம் அடித்துவிட்டால், மதியம் நடுப்பகுதி உப்பிக்கொண்டு எழும். ஓரங்களில் இடம் விடுங்கள், எங்கும் திருகாணி போட்டு இறுக்காதீர்கள்.

மணல்தான் பரம எதிரி. ஒரு சிட்டிகை மணல் போதும், பிளேடு பாழ். உடை மாற்றும் அறையிலிருந்து பலகை வரை கம்பளம் விரித்து, பிளேடு உறையைப் பலகையின் விளிம்பில்தான் கழற்ற வேண்டும். ஆட்டத்தில் சீவிய வெள்ளைத் துகள்கள் நிலைமின்சாரத்தால் உடையில் ஒட்டிக்கொள்ளும். கறுப்பு வெல்வெட் உடுத்தியவர் தரையில் உட்கார்ந்து எழுந்தால் முதுகுப்பக்கம் முழுக்க வெளுத்திருக்கும். வெளிர் நிறத் துணி தேர்ந்தெடுங்கள், காட்சிகளுக்கு நடுவே வேக்குவம் போடுங்கள். வழுக்கலுக்காகச் சிலிக்கான் தெளித்தால் பலகையோடு நிறுத்துங்கள். பக்கத்து மேடையில் சிதறினால் அடுத்து வரும் நடனக் குழுவினர் வழுக்கி விழுவார்கள்.

பலகை விரிக்க நேரமோ இடமோ இல்லையென்றால் சக்கரம். ஃபிகர் ஸ்கேட்டரின் பூட்ஸிலேயே பொருத்தக்கூடிய இன்லைன் சட்டம் (சக்கரங்கள் ஒரே வரிசையில் இருப்பது) உண்டு. நடுச் சக்கரங்கள் சற்றுத் தாழ்ந்திருப்பதால் பிளேடின் வளைவு போலவே வேலை செய்யும். டோ பிக் இருந்த இடத்தில் ரப்பர் கட்டை. வழுவழுப்பான மரத்தரை இதற்குச் சொர்க்கம். தற்காலிக மேடைப் பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் புகை இயந்திரமும்தான் ஆபத்து. புகை தணிந்து தரையில் படியும் ஈரப்பிசுக்கில் ரப்பர் பிடிக்காது. புகை வேண்டுமானால் ஸ்கேட்டர் ஆடி முடித்து மேடையை விட்டு இறங்கிய பிறகு விடச் சொல்லுங்கள்.

சின்ன வட்ட மேடையில் ஒருவர் சுழல, அவர் கழுத்தில் மாட்டிய பட்டையில் தொங்கி மற்றவர் பறக்கும் ரோலர் ஆட்டத்தை ஃபிகர் ஸ்கேட்டர்களிடம் கேட்காதீர்கள். தொங்குபவரின் உடல் நடுப்புள்ளி சுழற்சி மையத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி, வினாடிக்கு ஒரு சுற்று என்றாலே, அவர் எடையைப்போல் நான்கு மடங்கு இழுவிசை வரும். அதற்கான பயிற்சியே வேறு.

ஜோடி ஆட்டத்தில் ஒருவர் மற்றவரைத் தலைக்கு மேல் தூக்கும் லிஃப்ட்டுக்குத் தரையிலிருந்து 4 மீட்டராவது தடையில்லாத உயரம் வேண்டும். தொங்கும் விளக்கு, பூ அலங்காரம் எல்லாவற்றையும் அளவில் சேருங்கள். நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். போட்டியில் ஃப்ரீ ஸ்கேட் எனும் நீண்ட ஆட்டம் 4 நிமிடம்; பிளாஸ்டிக்கில் ஒவ்வொரு தள்ளலுக்கும் கூடுதல் பலம் செலவாவதால் இரண்டரை நிமிடமே போதும். அன்றைக்கே, அதே தரையில், அதே விளக்கில் அரை மணி நேர ஒத்திகை கட்டாயம். நீல விளக்கில் வெள்ளைப் பலகை எங்கே முடிகிறது என்று ஆடுபவருக்குத் தெரியாது. விளிம்பைக் காட்ட அடர்நிற டேப்பை எந்த இடத்தில் ஒட்டலாம் என்று ஒத்திகையில் பாருங்கள். டேப்பின் மேல் பிளேடு ஏறினால் கிழிந்து சுருளும் என்பதால், அதைப் பலகைக்கு வெளியே, மேடைத் தரையில்தான் ஒட்ட வேண்டும்.