தொட்டி மாற்றியபின் தண்டு கறுத்தால்

தொட்டி மாற்றிப் பத்து நாள் ஆன டைஃபன்பாக்கியா, வீட்டுக்குள் அழகுக்கு வளர்க்கும் இலைச்செடி. கீழ் இலைகள் இரண்டும் மஞ்சளாகித் தொங்க, மண்ணை ஒட்டிய தண்டு கறுத்திருந்தது. நிறத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பழுப்பாகக் காய்ந்து, கெட்டியாக இருந்தால் அது முற்றிய தண்டுதான், நோயில்லை. இது அழுத்தியதும் கொழகொழவென்று உள்வாங்கியது, நீர் கசிந்தது, நாற்றமும் வந்தது. தண்டழுகல்.

இலை தொங்கியதும் தண்ணீர் ஊற்றத்தான் கை போகும். தயவுசெய்து ஊற்றாதீர்கள். மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறதென்றால், வேர் நீரை உறிஞ்சும் நிலையில் இல்லை.

செடியை வெளியே எடுத்தேன். வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று, நூல் மட்டும் மிஞ்சியது. காரணம் இரண்டு. 12 செ.மீ. தொட்டியிலிருந்து நேராக 25 செ.மீ. தொட்டிக்குப் போனதால், சிறிய வேர்க்கட்டு குடிக்க முடியாத அளவு ஈரம் தங்கி, மண்ணில் காற்றில்லாமல் போனது. தண்டும் பழைய மண்மட்டத்தைவிட 4 செ.மீ. ஆழமாகப் புதைந்திருந்தது.

வேர் போய்விட்டதால், அழுகாத நுனித்தண்டை வெட்டியெடுத்துப் புதிதாக நடுவதுதான் வழி. வெட்டும் முன் கையுறை கட்டாயம். இதன் பால் பட்டால் தோல் எரியும், கண்ணில் படவே கூடாது. கத்தியை 70% ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்தேன். கறுப்புக்கு மேலே முதல் வெட்டு: வெட்டுமுகத்தின் நடுவில் தேநீர் நிறத்தில் ஒரு புள்ளி. இன்னும் 1 செ.மீ. மேலே: புள்ளி சிறுத்தது, மறையவில்லை. மூன்றாவது வெட்டில்தான் முழுக்க வெளிர்பச்சை. அந்தச் சின்னப் புள்ளியை விட்டுவைத்தால் அழுகல் மறுபடி ஏறும். அழுகிய திசுவை எந்தப் பூஞ்சைக்கொல்லியும் மீட்காது.

வேர் பாதிக்குமேல் வெள்ளையாக, உறுதியாக இருந்து, தண்டும் நன்றாக இருந்தால் இவ்வளவு தூரம் போக வேண்டாம். கெட்ட வேரை நறுக்கிவிட்டு, மிஞ்சிய வேருக்கேற்ற சிறு தொட்டியில் வைத்தால் போதும்.

நுனித்தண்டின் வெட்டுமுகத்தை ஒரு நாள் நிழலில் உலரவிட்டு, கோகோபீட் (தென்னைநார்த் தூள்) 2 பங்கு, பெர்லைட் (மண்ணில் காற்றோட்டம் தரும் வெள்ளை எரிமலைப் பாறைத் துகள்) 1 பங்கு கலந்த புதுக் கலவையில், 10 செ.மீ. தொட்டியில், ஒரு கணு மட்டும் மண்ணுக்குள் போகுமாறு நட்டேன். பழைய மண்ணைத் தூக்கிப் போட்டாயிற்று. மேல்மண் 2 செ.மீ. காய்ந்தபின்தான் தண்ணீர். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் ஆகாது. வேர்விட மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். மெல்ல அசைத்துப் பார்த்தால் பிடிப்பு தெரியும். புது இலை விரியும்வரை உரம் வேண்டாம்.