சாய்வில்லாத திடல்

மலேசியாவுல எங்க தோட்டத்துத் திடல் ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கும். கோயில் பக்கம் மேடு, எண்ணெய் எடுக்குற செம்பனை மரங்க பக்கம் பள்ளம், மழை பெஞ்சா பள்ளத்துல தண்ணி ரெண்டு நாளைக்கு நிக்கும். பசங்க நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து இதுலதான் பந்து விளையாடுறாங்க, அதனால பந்த மேட்டுப் பக்கமா தட்டிவிட்டுட்டு அது உருண்டு இறங்குற இடத்துக்கு முன்கூட்டியே ஓடிருவாங்க, இத யாரும் அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கல. முதல்லயே இத சொல்றதுக்குக் காரணம் இருக்கு, போன ஜூலை ஸ்வீடன்ல கோத்தியா கப்புங்கிற இளையோர் கால்பந்துப் போட்டிக்குப் போனப்ப முதல் மேட்ச்ல 5-0ன்னு தோத்தோம், அந்தத் தோல்வியில பாதி இந்த சாய்வாலதான் வந்துச்சு.

சுங்கை சிப்புட் சுத்துவட்டாரத் தோட்டங்கள்லேர்ந்து பதினாறு பசங்க, எல்லாருக்கும் பதினாலு வயசு. கூட கோச் அண்ணன், ஒரு பையனோட அப்பா, அப்புறம் நான். நான் தமிழ்ப்பள்ளி டீச்சர், இவங்கள்ல பாதிப் பேர் என்கிட்ட ரெண்டாம் ஆண்டு படிச்சவங்க.

காசு சேர்க்க கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆச்சு. பசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு வித்தோம், கோயில் திருவிழாவுல கடை போட்டோம், ஆனா பெரும்பங்கு வந்தது பத்து வெள்ளி, அதாவது பத்து ரிங்கிட், நன்கொடை கார்டுலேர்ந்துதான். அந்த யோசனை ஒரு தாத்தா சொன்னது. 1960ல துன் சம்பந்தன், அப்போ அமைச்சரா இருந்தவர், எங்க ஊர்க்காரர், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சப்போ, தோட்டங்கள துண்டு போட்டு விக்கிறாங்களேன்னு பயந்து போயிருந்த தொழிலாளிங்க மாசம் பத்து பத்து வெள்ளியா கட்டித்தான் பங்கு சேர்ந்தாங்க, பத்து வெள்ளியில தோட்டமே வாங்கினோம், பதினாறு டிக்கெட் வாங்க முடியாதான்னு கேட்டாரு. லயத்துல, தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீடுங்கள்ல, வீடு வீடா போனோம், இல்லைன்னு சொன்ன வீடு ஒண்ணு கூட இல்ல.

கோலாலம்பூர்லேர்ந்து ஃப்ளைட் மாறி கோப்பன்ஹேகன்ல இறங்கி ரயில் ஏறினோம். ரயில் முதல்ல கடலுக்கு அடியில சுரங்கத்துல போகுது, அப்புறம் ஒரு செயற்கைத் தீவு, அதுக்கப்புறம் பாலம், பாலம் மட்டுமே கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் தண்ணிதான். பாலத்துல இருந்தவரைக்கும் ஒரு பையனும் பேசல. அங்கேர்ந்து போட்டி நடக்குற கோத்தன்பர்க் போய்ச்சேர மூணு மணி நேரத்துக்கு மேல.

கோத்தியா கப் 1975லேர்ந்து நடக்குது, வருஷா வருஷம் 1,500க்கு மேல டீம் வருது, பதினோரு வயசுலேர்ந்து பத்தொன்பது வரைக்கும், ஆம்பளப் பசங்களும் பொம்பளப் பிள்ளைங்களும். பெரும்பாலான டீமுக்குத் தங்குற இடம் பள்ளிக்கூடம்தான், மெத்தைய நம்மளே கொண்டு போகணும், கிளாஸ்ரூம்ல மேசையெல்லாம் ஓரம் தள்ளிட்டு தரையில படுக்கணும். எங்க பசங்களுக்கு அது பெரிய விஷயமே இல்ல, கோயில் மண்டபத்துல படுத்துப் பழகினவங்க. வெளிச்சம்தான் கஷ்டமா இருந்துச்சு, ராத்திரி பத்து மணிக்குத்தான் சூரியன் மறையுது, டீச்சர் இன்னும் சாயங்காலம்தானேன்னு கேட்டுட்டு யாரும் படுக்க மாட்டேங்குறாங்க, கடைசியில ஜன்னல்ல கைலிய கட்டி விட்டேன். சாப்பாட்டுல மீட்பால்ஸ் வந்தா மாட்டிறைச்சி இருக்குமேன்னு ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் வாங்குவோம், உருளைக்கிழங்கும் பாஸ்தாவும்தான் அதிகம், அம்மாங்க கட்டிக் கொடுத்த இகான் பிலிஸ் (நெத்திலி) சம்பல் மூணாவது நாளே காலி.

திறப்பு விழா உல்லேவி ஸ்டேடியத்துல, 1958 உலகக் கோப்பைக்குக் கட்டினது. ஒவ்வொரு நாட்டுப் பேரும் சொல்லி மலேசியான்னு கேட்டதும் எங்க பதினாறும் எந்திரிச்சு கத்தினதுல என் காது அடைச்சுப் போச்சு, நானும் அழுதுட்டேன்.

முதல் மேட்ச் ஹேடன்ல. நகரத்துக்கு நட்ட நடுவுல வரிசையா திடல், எல்லாம் செயற்கைப் புல், மேசை மாதிரி சமம். எங்க பசங்க வழக்கம் போல பந்த தட்டிவிட்டு ஓடுறாங்க, பந்து சாயவே இல்ல, நேரா வழுக்கிக்கிட்டு கோட்டுக்கு வெளிய போயிருது. எதிர் டீம் நார்வே, ஒவ்வொருத்தனும் கோச் அண்ணன விட உயரம், ஆனா நாங்க தோத்தது உயரத்துக்கு இல்ல. அன்னைக்கு சாயங்காலம் கோச் அண்ணன் யாரையும் திட்டல. பூங்காவுல சமமான புல்தரையா ஒண்ணு தேடிப் பிடிச்சு ஒன்றரை மணி நேரம் காலுக்குக் காலு பாஸ் மட்டும், ஓடுற இடத்துக்குப் போடாத, ஆள் காலுக்குப் போடு, அவ்வளவுதான் பாடம்.

அடுத்த மேட்ச் 2-1ன்னு தோல்வி. மூணாவது 1-0ன்னு ஜெயிச்சோம்! குரூப்ல மூணாவது இடம்.

இந்தப் போட்டியில எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், மூணாவது நாலாவது வந்தா மூட்டை கட்டச் சொல்றதில்ல, பி பிளேஆஃப்னு தனியா நடக்குது, அதுக்கும் ஒரு சாம்பியன் உண்டு. நம்ம ஊர்ல தோத்த பையன் மத்தியானமே பஸ் ஏறிருவான், அதுக்கப்புறம் அடுத்த வருஷம்தான். பி பிளேஆஃப்ல முதல் ஆட்டம் 3-1 வெற்றி, அடுத்தது சமமாகி பெனால்ட்டி. எங்க கீப்பர் ரெண்டு அடிய தடுத்தான். அவன் தாத்தா 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் கதை சொல்லியே வளர்த்த பையன், ஆறுமுகம் 1980ல தென்கொரியாவ 2-1ன்னு ஜெயிச்சு மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி வாங்குன மலேசிய டீமோட கீப்பர், மலேசியா புறக்கணிச்சதால அந்த டீம் மாஸ்கோ போகவே இல்ல. ரெண்டு தடுத்தும் நாங்க தோத்தோம், மூணு பேர் வெளிய அடிச்சுட்டாங்க. கீப்பர் அழுதுக்கிட்டே அந்த மூணு பேரையும் ஒவ்வொருத்தனா போய் தூக்கிவிட்டான். அத நான் வீடியோ எடுக்கல, எடுக்கத் தோணல.

ஊர் திரும்பின மறுநாளே அஞ்சு மணிக்கெல்லாம் பசங்க திடல்ல. நான் கோயில் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். ஒருத்தன் காலுக்குப் பாஸ் போட்டான், பந்து வளைஞ்சு வளைஞ்சு செம்பனைக்குள்ள போயிருச்சு. அவன் அப்படியே நின்னு திடல மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்துட்டு, "டீச்சர், நம்ம திடல் சாய்ஞ்சிருக்கு டீச்சர்"ன்னான். பொறந்ததுலேர்ந்து அங்கயே விளையாடுறவன்.

தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கோம். பள்ளத்த நிரப்ப எத்தனை லாரி மண்ணு வேணும்னு ஒரு காண்ட்ராக்டர் வந்து அளந்துட்டுப் போயிருக்காரு. பத்து வெள்ளி கார்டு மறுபடியும் அச்சடிக்கக் கொடுத்தாச்சு.